ஏப்ரல் 1: நாராயணவனம் வட்டாரத்தின் எல்லைகளை வரைந்த நாள்

சித்தூர் மாவட்டம் 1911-ஆம் ஆண்டு ஏப்ரல் 1 அன்று உருவாக்கப்பட்டது. அம்மாவட்டத்தின் தெற்கோரத்தில் இருந்த திருத்தணிப் பகுதியைச் சென்னை மாநிலத்துக்கும், செங்கற்பட்டு மாவட்டத்தின் வடக்கோரத்தில் இருந்த சத்தியவேடு பகுதியை ஆந்திரப் பிரதேசத்துக்கும் மாற்றிக்கொடுத்த சட்டம் 1960-ஆம் ஆண்டு ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. இவ்விரு நாள்களுக்கும் இடையே சரியாக 49 ஆண்டுகள் உள்ளன. முதல் மாற்றம் நிகழ்ந்தபோது ஆண்டது பிரிட்டிஷ் அரசு. இரண்டாவது மாற்றத்தை நிகழ்த்தியது சுதந்திர இந்தியாவின் நாடாளுமன்றம். இரண்டும் ஒரே தேதியில் அமைந்தது தற்செயலா, அல்லது அதற்குக் காரணம் உண்டா என்னும் வினாவுக்கு விடை தேடினால், புத்தூரை அடுத்துள்ள நாராயணவனம் என்னும் சிற்றூரின் இருநூறு ஆண்டு வரலாறும், இந்தியாவில் அரசு இயந்திரம் காலத்தைக் கணக்கிட்ட முறையும் ஒன்றோடொன்று பின்னிக்கிடப்பது தெரியவரும்.

நாராயணவனம் இன்று திருப்பதி மாவட்டத்தில் உள்ள ஒரு மண்டலத்தின் தலைமையிடம். மண்டலம் என்பது, பழைய தாலுகாக்களைக் கலைத்து 1985-இல் என். டி. ராமராவ் அரசு ஆந்திரத்தில் ஏற்படுத்திய சிறிய வருவாய் அலகு. நகரி மலைத்தொடரின் அருகில், ஆரணியாற்றின் கரையில் ஊர் அமைந்திருக்கிறது. இந்த ஆற்றைத் தலபுராண மரபு அருணா நதி என்று அழைக்கும். நாராயணவனத்தைக் கடந்து பிச்சாட்டூர், சுருட்டப்பள்ளி, ஊத்துக்கோட்டை வழியாகப் பழவேற்காட்டை நோக்கிச் செல்லும் இந்த ஆறு, ஊத்துக்கோட்டைக்கு அருகில் தமிழ்நாட்டு எல்லைக்குள் நுழைகிறது. ஆற்றின் போக்கில் வாழ்ந்த மக்கள் நெடுங்காலம் தமிழும் தெலுங்கும் கலந்து பேசியவர்கள். இரு மொழிகளுக்கும் நடுவே மதில்போன்ற எல்லை ஒன்று அங்கு எக்காலத்திலும் இருந்ததில்லை.

திதியும் தேதியும்

நாராயணவனத்துக்கு ஏப்ரல் 1-ஐவிடப் பழைய நாள் ஒன்று உண்டு. திருமலை வேங்கடவனுக்கும் பத்மாவதித் தாயாருக்கும் திருமணம் நடந்தது இவ்வூரில்தான் என்றும், அது வைசாக மாதத்து வளர்பிறைத் தசமியில் நடந்தது என்றும் வேங்கடாசல புராண மரபு கூறுகிறது. திதி என்பது சந்திரனுக்கும் சூரியனுக்கும் உள்ள கோண இடைவெளியைக் கொண்டு கணிக்கப்படும் நாள் அளவு. ஆகவே அத்திருமண நாள் ஆங்கில நாள்காட்டியில் ஆண்டுதோறும் இடம் மாறும். ஊரின் நடுவில் உள்ள கல்யாண வேங்கடேசுவரர் கோயில் இந்த மரபின் நினைவிடமாக விளங்குகிறது. திருமணத்துக்கு வேண்டிய மாவை அரைத்ததாக மக்கள் நம்பும் பெரிய கல் திருகை ஒன்று அங்கே இருக்கிறது. வரும் அடியார்கள் அதைத் தொட்டு வணங்கிச் செல்கிறார்கள். கோயில் இப்போது திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் நிர்வாகத்தில் உள்ளது.

அதே புராண மரபில் எல்லைப் பிரிவினை பற்றிய கதை ஒன்றும் இடம்பெற்றிருப்பது இங்குக் கருதத்தக்கது. நாராயணவனத்திலிருந்து ஆண்ட ஆகாசராசன் மறைந்த பின், அவன் தம்பி தொண்டைமானுக்கும் மகன் வசுதானனுக்கும் இடையே ஆட்சியுரிமைப் போர் மூண்டதாகவும், மருமகனாகிய சீனிவாசனே நடுவராக இருந்து நாட்டை இரு பங்காகப் பிரித்துக் கொடுத்ததாகவும் அக்கதை சொல்லும். இதை வரலாற்றுச் சான்றாகக் கொள்ள இயலாது. எனினும், தொண்டை மண்டலத்தின் வட விளிம்பில் உள்ள இவ்வட்டாரம் யாருடைய பங்கில் சேரும் என்னும் கேள்வி நெடுங்காலமாக மக்கள் மனத்தில் இருந்ததற்கு அது சான்றாகும். தொல்காப்பியப் பாயிரம் தமிழ் வழங்கும் நிலத்துக்கு வடவெல்லையாக வேங்கடத்தையே சுட்டுகிறது. எல்லைக்கல்லாகச் சொல்லப்பட்ட அந்த மலைக்குத் தெற்கே நாராயணவனமும் புத்தூரும் திருத்தணியும் அமைந்திருக்கின்றன.

ஏப்ரல் 1 எவ்வாறு அரசின் நாளாயிற்று

ஏப்ரல் 1 தமிழர் ஆண்டுப்பிறப்பு அல்ல. அது பங்குனியின் பிற்பாதியில் வருகிறது. தெலுங்கர் உகாதியும் அன்று நிலையாக வருவதில்லை. விதைப்பு, அறுவடை எதுவும் அந்த நாளில் தொடங்குவதுமில்லை. சென்னை மாகாணத்தின் வருவாய்த் துறை பயன்படுத்திய பசலி ஆண்டுகூட ஜூலை 1-இல்தான் தொடங்கியது. பசலி என்பது மொகலாயர் காலத்தில் விளைச்சலை அடிப்படையாகக் கொண்டு ஏற்பட்ட வருவாய் ஆண்டு. பசலி தொடங்கும் ஆங்கில ஆண்டிலிருந்து 590-ஐக் கழித்தால் பசலி எண் கிடைக்கும். அவ்வாறாயின், சித்தூர் மாவட்டம் பிறந்த நாள் பசலி 1320-இல் ஒன்பது மாதங்கள் கழிந்த பிறகும், திருத்தணி மாறிய நாள் பசலி 1369-இல் ஒன்பது மாதங்கள் கழிந்த பிறகும் வந்தன. ஊர்க் கணக்குகளை ஆண்டுக்கொரு முறை சரிபார்க்கும் ஜமாபந்திக்கும் இந்தத் தேதிக்கும் தொடர்பு இல்லை.

ஏப்ரல் 1-க்கு மதிப்பு ஏற்பட்டது கருவூலக் கணக்கினால். இங்கிலாந்தில் பழைய ஆண்டுப்பிறப்பும் கணக்கு முடிக்கும் நாளும் மார்ச் 25-ஆக இருந்தன. 1752-இல் அந்நாடு கிரிகோரியன் நாள்காட்டிக்கு மாறியபோது, செப்டம்பர் 2-ஐ அடுத்து 14-ஆம் தேதி வருமாறு 11 நாள்கள் நீக்கப்பட்டதால், வரி ஆண்டின் எல்லை ஏப்ரல் முதல் வாரத்துக்கு நகர்ந்தது. 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் பிரிட்டிஷ் அரசு தன் பொதுக்கணக்கை மார்ச் 31-இல் முடிக்கத் தொடங்கியது. இந்தியாவில் அதுவரை மே 1 முதல் ஏப்ரல் 30 வரை இருந்த நிதியாண்டு, லண்டன் கணக்கோடு ஒத்துப்போகும் பொருட்டு 1867-இல் ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை என மாற்றப்பட்டது. இதனால் 1866-67 நிதியாண்டு 11 மாதங்களே கொண்டதாக முடிந்தது. லண்டனின் கணக்குப் புத்தகத்துக்காகச் செய்யப்பட்ட அந்த மாற்றமே பிற்காலத்தில் இந்திய நாட்டுப் படத்தின் பல கோடுகளுக்குத் தேதி குறித்துக் கொடுத்தது.

ஒரு மாவட்டத்தையோ மாகாணத்தையோ பிரிக்கும்போது நிலத்தோடு சேர்த்துக் கணக்கும் பிரிய வேண்டும்: கருவூல இருப்பு, ஊழியர் சம்பளம், நிலுவை வரி, சாலைக்கும் பள்ளிக்கும் ஒதுக்கிய தொகை ஆகிய அனைத்தும் எந்த அரசின் பெயரில் எழுதப்படும் என்பது முடிவாக வேண்டும். ஆண்டின் நடுவில் பிரித்தால் இரட்டைக் கணக்கு எழுத நேரும். நிதியாண்டின் முதல் நாளில் பிரித்தால் பழைய ஏடு மூடப்பட்டுப் புதிய ஏடு தொடங்கும். ஆகவேதான் எல்லை மாற்றங்கள் பல இந்த நாளை நாடி வந்தன.

இதற்குச் சான்றுகள் பல உள்ளன. வங்காளத்திலிருந்து பிரிந்த பீகார்–ஒரிசா மாகாணம் 1912 ஏப்ரல் 1-இல் செயல்படத் தொடங்கியது. மொழியை அடிப்படையாகக் கொண்டு அமைந்த முதல் மாகாணம் என்று போற்றப்படும் ஒரிசா 1936 ஏப்ரல் 1-இல் உருவாயிற்று. அதே நாளில் சிந்து மாகாணம் பம்பாயிலிருந்து பிரிந்தது. ஒரிசாவுக்காகச் சென்னை மாகாணம் கஞ்சம் மாவட்டத்தின் பெரும்பகுதியையும் ஜெய்ப்பூர் ஜமீனையும் இழந்தது. பர்லாக்கிமிடி ஜமீன் இரண்டாகப் பிரிந்தது. 1935-ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டம் வழங்கிய மாகாணத் தன்னாட்சி 1937 ஏப்ரல் 1-இல் நடைமுறைக்கு வந்தபோது, தேர்தலில் வென்ற காங்கிரசு பதவியேற்க மறுத்ததால், சென்னையில் கூர்மா வெங்கடரெட்டி நாயுடு தலைமையில் இடைக்கால அமைச்சரவை அன்று பொறுப்பேற்றது. அதே நாளில் பர்மா இந்தியாவிலிருந்து பிரிக்கப்பட்டது. அங்கே வயல்களிலும் வட்டிக்கடைகளிலும் வாழ்க்கையைக் கட்டியெழுப்பியிருந்த பல்லாயிரம் தமிழர்கள் ஒரே நாளில் வேற்று நாட்டில் வாழ்பவர்கள் ஆயினர். இந்திய ரிசர்வ் வங்கி 1935 ஏப்ரல் 1-இல் பணியைத் தொடங்கியதும், அணாவை நீக்கி ரூபாயை 100 நயா பைசாவாகப் பகுத்த நாணய முறை 1957 ஏப்ரல் 1-இல் புழக்கத்துக்கு வந்ததும் இதே கணக்கின் தொடர்ச்சியே. 1878-இல் வார இதழாகத் தோன்றிய ‘தி இந்து’ 1889 ஏப்ரல் 1 முதல் நாளிதழாக வெளிவந்தது என்பதையும் இந்தத் தேதியின் பட்டியலில் சேர்ப்பது வழக்கம். ஆனால் அது ஒரு பத்திரிகையின் சொந்த முடிவு. மற்றவை அரசுக் கணக்கின் விளைவுகள். ஒரே தேதியில் நிகழ்ந்தவற்றைத் தொகுக்கும்போது இந்த வேறுபாட்டைப் பிரித்துக் காண்பது வரலாற்றாசிரியரின் கடமையாகும்.

முதல் ஏப்ரல் 1: 1911

1801-இல் ஆற்காட்டு நவாபின் ஆட்சிப்பகுதி கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தபோது, நாராயணவனம் கார்வேட்டிநகரம் ஜமீனுக்குள் இருந்தது. பொம்மராசபாளையம் என்றும் வழங்கப்பட்ட இது, வேங்கடகிரி, காளத்தி, சைதாப்பூர் ஆகியவற்றோடு சேர்த்து ‘மேற்குப் பாளையங்கள்’ எனப்பட்ட நான்கில் ஒன்று. பாளையம் என்பது, படை வைத்துக் காவல் புரியும் கடமையோடு ஒரு தலைவனுக்கு விடப்பட்ட நிலப்பகுதி. 1802-இல் கம்பெனி இவர்களுக்கு நிலையான சன்னதுகளை, அதாவது உரிமைப் பத்திரங்களை, வழங்கி, ஆண்டுதோறும் குறிப்பிட்ட தொகையைப் பேஷ்குஷ் என்னும் பெயரில் செலுத்தும் ஜமீன்தார்களாக அவர்களை மாற்றியது. திருத்தணி, புத்தூர், நாராயணவனம் ஆகிய மூன்றும் ஒரே கார்வேட்டிநகர் அரசரின் ஆட்சிக்குள் இருந்தன என்பது பிற்காலப் பிரிவினையைப் புரிந்துகொள்ள முக்கியமான செய்தி. இன்றும் அரக்கோணம்–ரேணிகுண்டா இருப்புப்பாதையில் பயணம் செய்பவர், திருத்தணியையும் பொன்பாடியையும் தாண்டியதும் வெங்கடநரசிம்மராஜுவாரிபேட்டை என்னும் நீண்ட பெயர்ப்பலகையைக் காணலாம். கார்வேட்டிநகர் அரசர் ஒருவரின் பெயரைத் தாங்கிய அந்நிலையம் ஆந்திர எல்லைக்குள் உள்ளது. முந்தைய நிலையம் தமிழ்நாட்டுக்குள் உள்ளது. அடுத்து வரும் ஏகாம்பரக்குப்பமும் புத்தூரும் ஆந்திரத்தின் நிலையங்கள். அரசர் ஆண்ட காலத்தில் இந்த நிலையங்கள் இருக்கும் ஊர்களுக்கு நடுவே எல்லை எதுவும் இருக்கவில்லை.

கம்பெனி ஆட்சியிலும் அதன் பின் வந்த அரசி ஆட்சியிலும் இப்பகுதி வட ஆற்காடு மாவட்டத்தில் இருந்தது. அம்மாவட்டத்தின் தலைமையிடம் வேலூர் அல்ல, சித்தூர்தான். திருவண்ணாமலைக்கு அருகிலிருந்து காளத்தி வரை பரந்து கிடந்த அம்மாவட்டத்தை ஒரே கலெக்டர் ஆள்வது கடினமாக இருந்தது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னை அரசு பெரிய மாவட்டங்களைப் பிரிக்கும் வேலையில் இறங்கியது. 1904-இல் குண்டூரும் 1910-இல் இராமநாதபுரமும் தனி மாவட்டங்களாயின. இந்த வரிசையில், வட ஆற்காட்டின் சித்தூர், பலமனேர், சந்திரகிரி வட்டங்களும், புங்கனூர், காளத்தி, கார்வேட்டிநகரம் ஆகிய ஜமீன் பகுதிகளும், கடப்பை மாவட்டத்தின் மதனப்பள்ளி, வாயல்பாடு வட்டங்களும் இணைக்கப்பட்டுச் சித்தூர் மாவட்டம் 1911 ஏப்ரல் 1, சனிக்கிழமை அன்று தோன்றியது. எஞ்சிய வட ஆற்காட்டுக்கு வேலூர் தலைமையிடமாயிற்று.

அக்காலத்தில் இது வெறும் நிர்வாக வசதியாகவே கருதப்பட்டது. சித்தூரும் வேலூரும் ஒரே சென்னை மாகாணத்தின் மாவட்டங்கள். கோட்டையிலிருந்து வரும் உத்தரவு இரண்டுக்கும் ஒன்றே. திருத்தணி முருகனை வணங்க வேலூர்க்காரர் செல்வதற்கும் சித்தூர்க்காரர் செல்வதற்கும் வேறுபாடு இல்லை. ஆனால், தமிழ் பேசும் மக்கள் மிகுந்த திருத்தணியும், இருமொழியும் கலந்த புத்தூரும், தெலுங்கு பெரிதும் வழங்கிய மதனப்பள்ளியும் அன்று ஒரே மாவட்டத்தின் பெயருக்குள் அடைக்கப்பட்டன. ஜமீன் எல்லைகளையும் கலெக்டரின் வேலைப் பளுவையும் எண்ணிப் போடப்பட்ட அந்தக் கோடு மொழியை எண்ணவில்லை. எண்ண வேண்டிய காலமும் அன்று வந்திருக்கவில்லை. 42 ஆண்டுகளுக்குப் பின் மாவட்டங்களே மாநிலங்களின் கட்டுமானக் கற்களாகும் என்பதை 1911-இல் எவரும் கருதிப் பார்த்திருக்க முடியாது.

இடைப்பட்ட காலம்: மாவட்டத்தின் பெயரால் நேர்ந்தது

பொட்டி ஸ்ரீராமுலு 1952 டிசம்பர் 15-இல் உண்ணாநோன்பில் உயிர்நீத்ததையடுத்து, சில நாள்களுக்குள் பிரதமர் நேரு ஆந்திர மாநிலம் அமைக்கப்படும் என்று அறிவித்தார். மறுக்க முடியாத தெலுங்கு மாவட்டங்களைக் கொண்டு அம்மாநிலத்தை அமைப்பது எளிய வழியாகக் கொள்ளப்பட்டது. ஊர் ஊராக மொழியைக் கணக்கிட்டு எல்லை வகுக்கும் வேலை பின்னர் பார்க்கலாம் என ஒதுக்கப்பட்டது. இதன்படி 1953 அக்டோபர் 1-இல் கர்நூலைத் தலைநகராகக் கொண்டு ஆந்திர மாநிலம் பிறந்தபோது சித்தூர் மாவட்டம் முழுவதும் அதனோடு சென்றது. திருத்தணி ஆந்திரத்துக்குச் சென்றதற்கு உடனடிக் காரணம், அது 1911 ஏப்ரல் 1 முதல் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது என்பதே. வட ஆற்காட்டிலேயே விடப்பட்டிருந்தால் அந்தக் கேள்வி எழுந்திருக்க வாய்ப்பு குறைவு.

வடக்கெல்லைப் போராட்டம் எனத் தமிழர் வரலாற்றில் பெயர்பெற்ற கிளர்ச்சி இந்நிலையில் வலுப்பெற்றது. 1946-இல் தமிழரசுக் கழகத்தைத் தொடங்கிய ம. பொ. சிவஞானம் திருத்தணி, புத்தூர், சித்தூர் முதலிய பகுதிகள் தமிழகத்தோடு இணைய வேண்டும் எனக் கோரினார். திருத்தணியின் வழக்கறிஞர் கே. விநாயகமும், எல்லையோர ஊர்களில் தமிழ் கற்பித்து மக்களை ஒன்றுதிரட்டிய மங்கலங்கிழாரும் அவருக்குத் துணைநின்றனர். பலர் சிறை சென்றனர், உயிரிழப்பும் நேர்ந்தது. எல்லை மீட்கப்பட்ட நாளைக் காணாமலே மங்கலங்கிழார் மறைந்தார். தெலுங்கர் தரப்பிலும் சென்னை நகர், செங்கற்பட்டின் வடபகுதி, ஓசூர் ஆகியவற்றைக் குறித்து இதே உறுதியோடு கோரிக்கைகள் எழுந்தன. பொன்னேரி, திருவள்ளூர் வட்டங்களின் வட ஊர்களில் தெலுங்கு பேசியவர்கள் தங்கள் மொழி மாநிலத்தில் சேர விரும்பியது, திருத்தணித் தமிழரின் விருப்பத்துக்கு எவ்வகையிலும் குறைந்ததன்று.

1956 நவம்பர் 1-இல் தெலங்கானாவோடு இணைந்து ஆந்திரப் பிரதேசம் உருவான பின், மத்திய அமைச்சராக இருந்தவரும் பின்னர் மத்தியப் பிரதேச ஆளுநரானவருமான ஹரி விநாயக் படாஸ்கர் இரு மாநிலங்களுக்கும் நடுவராக அமர்ந்தார். அவர் பின்பற்றிய நெறி ‘படாஸ்கர் நெறி’ எனப் பெயர் பெற்றது. மாவட்டத்தையோ வட்டத்தையோ அலகாகக் கொள்ளாமல் கிராமத்தை அலகாகக் கொள்வது, அக்கிராமம் சேரும் மாநிலத்தோடு நிலத்தொடர்ச்சி உடையதா எனப் பார்ப்பது, அங்கே எந்த மொழி பேசுவோர் பெரும்பான்மையினர் எனக் காண்பது ஆகியவை அதன் அடிப்படைகள். பெல்காம் எல்லைச் சிக்கலில் மகாராட்டிரம் பிற்காலத்தில் இந்நெறியையே கேட்டு வாதாடியது என்பது, நாராயணவனம் வட்டாரத்தில் வகுக்கப்பட்ட முறை இந்திய அளவில் முன்மாதிரியாகக் கொள்ளப்பட்டதைக் காட்டும்.

இரண்டாம் ஏப்ரல் 1: 1960

படாஸ்கரின் பரிந்துரையை இரு அரசுகளும் ஏற்றுக்கொண்டபின், ஆந்திரப் பிரதேசம் மற்றும் சென்னை (எல்லை மாற்ற)ச் சட்டம் 1959-இல் அவ்வாண்டின் 56-ஆம் சட்டமாக நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. சட்டம் நிறைவேறும் நாளும் அது நடைமுறைக்கு வரும் நாளும் வேறு வேறு. பின்னதைச் சட்ட நூல்கள் ‘நியமிக்கப்பட்ட நாள்’ என்று குறிக்கும். இச்சட்டத்துக்கு மத்திய அரசு நியமித்த நாள் 1960 ஏப்ரல் 1, வெள்ளிக்கிழமை. அன்று சென்னையில் காமராசரும் ஹைதராபாத்தில் தாமோதரம் சஞ்சீவய்யாவும் முதலமைச்சர்களாக இருந்தனர்.

அந்த நாளில், திருத்தணி வட்டத்தின் பெரும்பகுதியும் பள்ளிப்பட்டும் அவற்றையொட்டிய ஊர்களுமாக 405 சதுர மைல் நிலம் சென்னை மாநிலத்துக்கு வந்தது. செங்கற்பட்டு, சேலம் மாவட்டங்களிலிருந்து 326 சதுர மைல் நிலம் ஆந்திரத்துக்குச் சென்றது. செங்கற்பட்டிலிருந்து சென்ற ஊர்களைக் கொண்டு சித்தூர் மாவட்டத்தில் சத்தியவேடு வட்டம் ஏற்படுத்தப்பட்டது. 1911-இல் மொழியை எண்ணாமல் போடப்பட்ட கோட்டை 1960-இல் மொழியை எண்ணித் திருத்தினார்கள் என்று இவ்விரண்டு நாள்களின் உறவைச் சுருக்கிச் சொல்லலாம். முதலாவது நிகழ்ந்திராவிட்டால் திருத்தணியைப் பொறுத்தவரை இரண்டாவதற்குத் தேவை எழுந்திருக்க வாய்ப்பு குறைவு. அந்த அளவில் இவை ஒரே தேதியில் விழுந்த தனித்தனி நிகழ்ச்சிகள் அல்ல. ஒரே வழக்கின் தொடக்கமும் தீர்ப்பும் ஆகும்.

நாராயணவனம் இந்த மாற்றத்தில் இடம்பெயரவில்லை. புத்தூர் வட்டத்தில் இருந்த அவ்வூர் ஆந்திரத்திலேயே தொடர்ந்தது. ஆனால் அதன் அண்டை அயல் மாறியது. தெற்கே நெடுங்காலம் ஒரே ஜமீனிலும் ஒரே மாவட்டத்திலும் உடனிருந்த திருத்தணி வேறு மாநிலமாயிற்று; கிழக்கே அதுவரை வேறு மாநிலத்தில் இருந்த சத்தியவேடு அதே மாவட்டமாயிற்று. இன்று நாராயணவனம் மண்டலம் சட்டமன்றத் தேர்தலில் சத்தியவேடு தொகுதியில் வாக்களிக்கிறது. 1960-இல் செங்கற்பட்டிலிருந்து வந்து சேர்ந்த பகுதியின் பெயரே நாராயணவனத்து மக்களின் தொகுதிக்குப் பெயராக அமைந்திருப்பது, அந்த ஏப்ரல் 1-இன் நேரடியான எச்சம்.

ஒரு நாளில் எல்லை மாறினாலும் வாழ்க்கை ஒரே நாளில் மாறுவதில்லை. ஒவ்வொரு ஊரிலும் கர்ணம் எனப்பட்ட கணக்குப்பிள்ளையிடம் நிலத்தின் உரிமையையும் வரியையும் காட்டும் பதிவேடுகளும், எந்தப் புலத்தில் எந்தப் பருவத்தில் என்ன பயிர் நின்றது எனக் காட்டும் அடங்கலும் இருந்தன. மாற்றப்பட்ட ஊர்களின் கணக்கு முதல் நாள் வரை ஒரு மாநிலத்தின் தாசில்தாருக்கும், மறுநாள் முதல் இன்னொரு மாநிலத்தின் தாசில்தாருக்கும் உரியதாயிற்று. நீதிமன்றங்களில் நிலுவையில் இருந்த வழக்குகள், அரசு ஊழியர்களின் பணி, சட்டமன்றப் பிரதிநிதித்துவம் ஆகியவற்றுக்கு அந்தச் சட்டமே வழி வகுத்தது. சென்னை மாநிலத்தின் சட்டங்களில் இப்பகுதி ‘சேர்க்கப்பட்ட நிலப்பகுதி’ எனத் தனியே குறிக்கப்பட்டது. அங்கே நடைமுறையில் இருந்த ஆந்திரச் சட்டங்களைச் சென்னைச் சட்டங்களோடு பொருத்தும் வேலை நியமிக்கப்பட்ட நாளுக்குப் பின்னும் சில ஆண்டுகள் நீடித்தது.

மக்களின் பழக்கங்களோ நியமிக்கப்பட்ட நாள் எதற்கும் கட்டுப்படவில்லை. எலும்பு முறிந்தவர்களைத் தமிழ்நாட்டின் பல மாவட்டங்களிலிருந்து இன்றும் புத்தூருக்குக் கொண்டுவந்து ‘புத்தூர்க் கட்டு’ போடுகிறார்கள். ஆடிக் கிருத்திகைக்குச் சித்தூர்ப் பகுதித் தெலுங்கர்கள் காவடியோடு திருத்தணி மலையேறுகிறார்கள். நாராயணவனத்தில் 1902-இல் சமாதியடைந்த சொரக்காய சுவாமியின் தலத்துக்குத் தமிழ் அடியார்கள் வந்து செல்கிறார்கள். நகரி, புத்தூர், நாராயணவனம் ஆகிய ஊர்களின் தறிகளிலிருந்து எழும் ஒலியும் திருத்தணி வட்டாரத்துத் தறிகளிலிருந்து எழும் ஒலியும் ஒன்றே. ஆரணியாறு பிச்சாட்டூர் அணையில் தேங்கி, வெள்ளம் வரும்போது ஊத்துக்கோட்டையை நோக்கிப் பாய்கிறது. நீர் திறப்பதற்கு முன் ஒரு மாநிலத்தின் அதிகாரிகள் மறு மாநிலத்துக்கு முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டியிருப்பது மட்டுமே எல்லை அங்கு ஏற்படுத்திய வேறுபாடு.

தேதி காட்டுவதும் மறைப்பதும்

2022-இல் ஆந்திர அரசு 13 மாவட்டங்களை 26 ஆக்கியபோது நாராயணவனம் சித்தூர் மாவட்டத்திலிருந்து புதிய திருப்பதி மாவட்டத்துக்குச் சென்றது. அதற்குக் குறிக்கப்பட்ட நாள் ஏப்ரல் 1 அல்ல. அவ்வாண்டு ஏப்ரல் 2-இல் வந்த உகாதியை ஒட்டி, ஏப்ரல் 4. 111 ஆண்டுகள் சித்தூரின் பெயரில் இருந்த ஊர், நிதியாண்டின் முதல் நாளை மூன்று நாள் தாண்டி, பஞ்சாங்கத்தின் ஆண்டுப்பிறப்பை நெருங்கிய நாளில் வேறு பெயருக்கு மாறியது. கருவூலக் கணக்கு மட்டுமே தேதி குறித்த காலம் கழிந்து, மக்கள் மதிக்கும் நாளையும் அரசுகள் கருதும் காலம் வந்திருப்பதை இது காட்டுகிறது.

ஒரே தேதியில் நிகழ்ந்தவற்றைத் தொகுத்துப் படிப்பது இன்று பரவலான பழக்கம். அதனால் நினைவு வளர்கிறது என்பதில் ஐயமில்லை. ஆனால் அரசிதழில் அச்சான நாள், முடிவு செயலுக்கு வந்த நாளே அன்றி, வரலாறு நிகழ்ந்த நாள் அன்று. திருத்தணி தமிழகத்தோடு இணைந்தது ஏப்ரல் 1-இல் என்று எழுதும்போது, அதற்காகச் சிறை சென்றவர்களின் நாள்களும், சத்தியவேட்டில் தங்கள் மொழிக்காகக் காத்திருந்தவர்களின் நாள்களும், 1911-இல் கலெக்டர் அலுவலகத்தில் கோடு வரைந்தவர்களின் கணக்கும் அந்த ஒரு தேதிக்குப் பின்னால் மறைந்துபோகின்றன. தேதியை நினைவுகூர்வதோடு, அந்தத் தேதி ஏன் தேர்ந்தெடுக்கப்பட்டது, அதற்கு முன்னும் பின்னும் என்ன நடந்தது என்பதையும் சேர்த்து எழுதினால்தான் வரலாறு முழுமை பெறும்.

அதற்கான மூலப்பொருள் எல்லையின் இருபுறமும் இருக்கிறது. 1911-க்கு முந்தைய வட ஆற்காட்டுக் கணக்குகள், கார்வேட்டிநகர் ஜமீன் ஆவணங்கள், 1960-இல் கை மாறிய ஊர்களின் கர்ணம் ஏடுகள், அக்காலப் பள்ளிகளின் சேர்க்கைப் பதிவேடுகள் ஆகியவை வட்டாட்சியர் அலுவலகங்களிலும் குடும்பப் பெட்டிகளிலும் சிதறிக் கிடக்கின்றன. பழைய ஏடுகள் கறையானுக்கு இரையாவதும் எடைக்குப் போவதும் எங்கும் காணும் வழக்கம். தமிழ்நாடு ஆவணக் காப்பகமும் ஆந்திர அரசின் ஆவணக் காப்பகமும் சேர்ந்து இவற்றைத் திரட்டி, தமிழிலும் தெலுங்கிலும் பட்டியலிட்டுப் பாதுகாக்க வேண்டும். 1960-ஐ நேரில் கண்ட முதியோர் சிலரேனும் திருத்தணியிலும் சத்தியவேட்டிலும் நாராயணவனத்திலும் இன்னும் வாழ்கிறார்கள். அவர்கள் சொல்வதைப் பதிவு செய்யும் பணியை இரு மாநிலப் பல்கலைக்கழகங்களின் வரலாற்றுத் துறைகளும் காலம் தாழ்த்தாமல் மேற்கொள்ள வேண்டும்.